வியாழக்கிழமைச் சுவர்

ட்ரம்கல்லன்
6 செப்டம்பர் 1996

மிஸ் அட்ராக்டா கில்ஹூலி அவர்களுக்கு,

"என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா இனிமே எழுதிக் குடு, தெருவுல நின்னு கத்தாதே" என்று பால்காரர் முன்னால் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். உங்கள் கதவும் என் கதவும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன. இருந்தாலும் தபால்தலை ஒட்டியே அனுப்புகிறேன். மரியாதை குறையக்கூடாது பாருங்கள்.

நான் ரொட்டி சுடுகிறவன். ஊர் எழும்போது ரொட்டி சூடாக இருக்க வேண்டுமென்றால் நான் மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும், அதற்கு ஒன்பதுக்கெல்லாம் படுத்துவிட வேண்டும். இது உனக்குத் தெரியாததா? தெரிந்துதான் வியாழன்தோறும் ஒன்றரை மணி வரை பப்பைத் திறந்து வைத்துக் கூத்தடிக்கிறாய். என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உன் பறைக்காரன் உட்காருகிறான். அவன் அடிப்பது பறையையா, என் மண்டையையா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இன்று காலை மாவு மூட்டையில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது அடுப்பு முழுக்கக் கரி. ஊரில் ஒருவருக்கும் ரொட்டி இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்லோனிலிருந்து என் மகள் நுவாலா வாராவாரம் போன் செய்கிறாள். "எத்தனை நாளைக்குப்பா இப்படி? கடையை வித்துட்டு எங்களோட வந்து இருங்க" என்கிறாள். தரகர் வந்து நாடா போட்டு அளந்துவிட்டுப் போனார். வாங்க வருகிறவன் வீடியோ கேசட் கடை வைக்கப் போகிறானாம். எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் தூங்காமல் ரொட்டி சுட எனக்குத் தெரியாது.

இருபத்துநாலாம் தேதி கோர்ட்டில், ஒன்றரை மணி வரை கடை திறக்கிற உன் இரவு அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்கப் போகிறாயாம். கேட்காதே. கேட்டால் நான் ஆட்சேபணை கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஃபின்டன் ஸ்காஹில்
(அடுத்த வீடு. மறந்திருந்தால் சொல்கிறேன்.)


9 செப்டம்பர்

மகா கனம் பொருந்திய ரொட்டிக்காரர் ஸ்காஹில் அவர்களே,

உங்கள் கடிதம் கேரிக் நகரத் தபால் நிலையம் வரை ஊர்வலம் போய்விட்டுச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சுவத்துல ஒரு தட்டு தட்டினா ஆகாதா?" என்றார். மரியாதை குறையும் என்று சொல்லி அனுப்பினேன்.

ரொட்டி கருகியதற்கு வருத்தப்படுகிறேன். கிண்டலில்லை, நிஜமாகவே. அன்று காலை உன் புகைபோக்கியைப் பார்த்து எனக்கும் பகீரென்றது.

ஆனால் நீயும் கொஞ்சம் கேள். பன்றி இறைச்சி ஆலை மூடியபிறகு திங்கள் முதல் புதன் வரை என் கடையில் யார் இருக்கிறார்கள்? நான், மாஸி டுகன், மாஸியின் நாய். வியாழன் ஒருநாள்தான் பிடிலும் பறையும் வருகிறது, சுற்றுவட்டாரமே வருகிறது. அந்த ஒரு ராத்திரிதான் மற்ற ஆறு ராத்திரிக்கும் சோறு போடுகிறது. அது போனால் அப்பா கொடுத்த கடைக்குப் பூட்டுதான்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு பரிமாறினால்தான் நேரம் நீட்டித் தருவேன் என்பது ஜட்ஜ் போட்ட நிபந்தனை. நான் பரிமாறுவது சூப்பும் ரொட்டியும். யார் ரொட்டி? உன் ரொட்டி! நீ சுட்டுக் கொடுத்த ரொட்டியால்தான் உன் தூக்கம் கெடுகிறது, ஃபின்டன். அதற்கும் நானா பொறுப்பு?

விடியற்காலை உன் மாவு லாரி பின்பக்கமாக வந்து "வலது, வலது, நிறுத்து!" என்று என் ஜன்னலுக்கடியில் கத்துவதைப் பற்றி நான் என்றாவது வாய் திறந்தேனா? கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்று. காதில் பஞ்சு வை.

அத்லோனாம் அத்லோன். அங்கே போய் என்ன செய்வாய், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பாயா?

அட்ராக்டா


11 செப்டம்பர்

அட்ராக்டா,

தெருப்பக்க அறைக்கடியில்தான் மாட்டு லாரிகள் நிற்கின்றன. பஞ்சு வைத்துப் பார்த்தாயிற்று. பறை பஞ்சைத் தாண்டி வருகிறது, கடிகாரத்தின் மணிதான் வருவதில்லை.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? நீ நேரம் கடந்து கடை வைப்பது புதிதல்ல. கோர்ட் உத்தரவு எதுவும் இல்லாத காலத்திலேயே வைத்தாய். பதினோரு மணிக்கு முன்கதவைப் பூட்டுவாய், திரையை இறக்குவாய், உள்ளே முப்பது பேர் ரெண்டு மணி வரை திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்கே தெரியும். ஆனால் எனக்கு ஒரு நாள் தூக்கம் கெட்டதா? இல்லை! போலீஸ் சார்ஜண்ட் காதில் விழுந்துவிடுமோ என்று எல்லோரும் பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி கிசுகிசுப்பார்கள். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் குழந்தை மாதிரி தூங்கினேன்.

என்றைக்கு நீ சட்டப்படி நடக்க ஆரம்பித்தாயோ, அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனியன். கையில் காகிதம் இருக்கிற தைரியத்தில் கூரை பிய்யக் கத்துகிறார்கள்.

ஆட்சேபணையை இன்று கொடுத்துவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே என்று எழுதினால் மட்டும் நீ கேட்கவா போகிறாய்?

ஃபின்டன்


14 செப்டம்பர்

திரு ஸ்காஹில்,

கோர்ட் முத்திரை போட்ட காகிதம் வந்தது. "எதிர்ப்பவர்: எஃப். ஸ்காஹில்" என்று டைப் அடித்திருக்கிறது. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் ரொட்டித் தட்டுகளைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன். திங்கள் முதல் எனக்கு ரொட்டி வேண்டாம். கேரிக்கிலிருந்து பாக்கெட் ரொட்டி வருகிறது. நன்றாக இல்லை. ஆனாலும் வருகிறது.

ஏ. கில்ஹூலி


25 செப்டம்பர்

அன்புள்ள முட்டாள் ஃபின்டன்,

நேற்று கோர்ட்டில் நீ செய்தது என்ன?

ஒரு வாரமாக நான் பதில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். உன் மாவு லாரி, உன் புகைபோக்கி, எல்லாவற்றையும் ஜட்ஜ் முன்னால் போட்டு உடைக்கத் தயாராக வந்தேன். நீ நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, காலரில் மாவோடு எழுந்து நின்றாய். ஜட்ஜ், "இந்தம்மா மேல உங்களுக்கு என்னய்யா புகார்?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், அப்புறம் கூரையைப் பார்த்தாய், "ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாய். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தாரு?" என்று என்னைக் கேட்கிறார். நான் என்ன சொல்ல? அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகவே இல்லை.

பஸ்ஸில் வரும்போது உன் பழைய கடிதத்தைத் திரும்பப் படித்தேன். கிசுகிசுப்பு, தும்மல், குழந்தை மாதிரி தூக்கம். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது: திருட்டுத்தனம் என்று நினைத்தால்தான் இவர்கள் கிசுகிசுப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாஸி ஓடிவந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்றான். நேற்று கேரிக்கில் மாட்டுச் சந்தை என்பதால் நம்மூரிலிருந்து கோர்ட்டுக்கு ஒருவரும் வரவில்லை, கவனித்தாயா? நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "போச்சு மாஸி. ஃபின்டன் ஜெயிச்சுட்டான். இனிமே பதினோரு மணிதான்" என்றேன்.

ஆக, இனி வியாழன்தோறும் பதினோரு மணிக்கு முன்கதவு பூட்டு. திரை கீழே. பின்வாசல் வழி ஒவ்வொருவராக. பறைக்காரன் விரல் நுனியால் மட்டும்தான் தொட வேண்டும். உத்தரவுக் காகிதம் என் துணி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சார்ஜண்டிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "பத்து வருஷமா நான் அடக்க முடியாத கூட்டம்மா அது, நீ அடக்கு பாக்கலாம்" என்றார்.

இதில் ஒரே சங்கடம், ஊருக்கு நீதான் வில்லன். கொஞ்ச நாளைக்குத் திட்டுவார்கள். பொறுத்துக்கொள்வாயா?

ரொட்டி அனுப்பு. அந்தப் பாக்கெட் ரொட்டியை மாஸியின் நாய்கூட முகர்ந்துவிட்டுப் போகிறது.

அட்ராக்டா


11 அக்டோபர்

அன்புள்ள அட்ராக்டா,

போன வியாழன் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம்! ஒன்பதுக்குப் படுத்தவனை அலாரம்தான் எழுப்பியது. இன்னும் உயிரோடுதான் இருக்கிறோமா என்று கொஞ்ச நேரம் எனக்கே சந்தேகம்.

கோர்ட் விஷயம் கேட்டிருந்தாய். ஜட்ஜ் கேட்டதும் உன் பக்கம் திரும்பினேன். நீ கோட்டுப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்துப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாய். என்னிடம் இருந்த புகார் எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவ்வளவுதான். இதற்குமேல் அதைப் பற்றிக் கேட்காதே.

நேற்று பன்னிரண்டு மணி வாக்கில் யாரோ பாட்டை உரக்க எடுத்தான். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு விழிப்பு வந்துவிட்டது. என்ன செய்வதென்று யோசித்தேன். அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கிற நீளக் கட்டையைத் தூக்கிக்கொண்டு, பைஜாமாவோடு தெருவில் இறங்கி, உன் ஜன்னலில் சார்ஜண்ட் தட்டுகிற மாதிரி தட்டினேன். அழுத்தமாக, இடைவெளி விட்டு. அடடா! நாற்பது பேர் மூச்சு ஒரே நேரத்தில் நின்றதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

ஓடிவந்து போர்வைக்குள் புகுந்து தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். இந்த வயதில்!

ஃபின்டன்


12 அக்டோபர்

பாவி மனுஷா,

நீயா அது? நானே நிஜ சார்ஜண்ட் என்று நினைத்துக் கையில் இருந்த கிளாஸை நழுவவிட்டேனே!

உள்ளே நடந்ததைக் கேள். பறைக்காரன் பறையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பாதிரியார் மேஜைக்கடியில் போய்விட்டார். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாஸி தன் பீரை நாய்க்குப் பக்கத்தில் தள்ளிவைத்து, "இது என்னுது இல்ல, சார்" என்று இருட்டைப் பார்த்துச் சொல்கிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சூப்புப் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மாஸிக்கு ஏற்கனவே அந்தச் சூப்பின்மேல் சந்தேகம். "திருட்டுத்தனமா குடிக்கிற இடத்துல சூப்பு எதுக்கு அட்ராக்டா?" என்று வாராவாரம் கேட்கிறான். தொண்டைக்கு நல்லது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொரு அதிசயம். பிடில்காரர் இப்போதெல்லாம் மெல்லிய, நிதானமான மெட்டுகளைத்தான் வாசிக்கிறார். இத்தனை வருஷம் அவர் வாசித்ததை யாரும் கேட்டதே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நேற்று முன்தினம் ஒருத்தி அழுதாள்.

ஆனால் ஃபின்டன், எனக்கு மனசு சரியில்லை. உன்னைப் பற்றிப் பேசுவது எல்லை மீறிப் போகிறது. "தானும் வாழமாட்டான், அடுத்தவனையும் வாழ விடமாட்டான்" என்று மாஸி ஆரம்பித்தால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ரொட்டியை இனிக் கேரிக்கிலிருந்து வாங்குவோம் என்று பேசிக்கொள்கிறார்கள். உன் கடை வாசலில் காலையில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? மறைக்காமல் சொல்.

அட்ராக்டா


21 அக்டோபர்

அன்புள்ள அட்ராக்டா,

கேட்டதால் சொல்கிறேன். பாதிக்குப் பாதி இல்லை. மீந்த ரொட்டியை மலைப் பண்ணைப் பன்றிகளுக்கு அனுப்புகிறேன். அவற்றுக்கு என்மேல் கோபமில்லை.

சனிக்கிழமை யாரோ ஜன்னல் கண்ணாடியில் பெயின்ட்டால் "ஊர்க்காலன்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் துடைப்பதற்குள் நுவாலா காரில் வந்து இறங்கிவிட்டாள். பார்த்ததும் தெருவிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "இந்த ஊருக்கா இத்தனை வருஷம் உழைச்சீங்க? போதும்ப்பா, கிளம்புங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் அவளிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் சும்மா இருக்கமாட்டாள், ஊர் முழுக்கச் சொல்லுவாள். உன் வியாழன் போய்விடும்.

வருகிற திங்கள் தரகர் பத்திரத்தோடு வருகிறார். கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறேன். தூங்கவும் தூங்கி, ரொட்டியும் விற்று, நல்ல பேரும் எடுக்க எனக்கு வாய்க்கவில்லை. இரண்டு கிடைத்தால் மூன்றாவது போய்விடுகிறது.

நீ எதுவும் சொல்லிவிடாதே. உன் கடையாவது நடக்கட்டும். இது என் ஒரே வேண்டுகோள்.

ஃபின்டன்


25 அக்டோபர்

அன்புள்ள ஃபின்டன்,

உன் வேண்டுகோளை நான் கேட்கவில்லை. நேற்று சொல்லிவிட்டேன்.

நான் திட்டமிடவில்லை. திரை இறக்கியாயிற்று, எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸி கிளாஸைத் தூக்கி, "ஸ்காஹில் ஊரை விட்டுப் போறானாம். போற நாளு நான் எல்லாருக்கும் ஒரு ரவுண்டு வாங்கித் தர்றேன்" என்றான். சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மாடிக்குப் போய் அலமாரியிலிருந்து உத்தரவை எடுத்துவந்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"படி. சத்தமா படி. ஒன்றரை மணி வரைக்கும் அனுமதி. ஜட்ஜ் கையெழுத்து. அந்த மனுஷன் கோர்ட்டுல எழுந்து புகாரே இல்லைன்னு சொல்லிட்டுப் போனதாலதான் நீ இப்ப இங்க உக்காந்து குடிக்கிற. ஒரு மாசமா உங்க திட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம இருக்கான்."

பாதிரியார், "அப்ப நான் மேஜைக்கடியில போனது?" என்றார். வீண்தான் ஃபாதர் என்றேன்.

பறைக்காரப் பையன், "அப்ப நாம சட்டப்படியேதான் இருக்கோமா? சத்தமா வாசிக்கலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா வாசி. உன்னை யாரும் கேக்க முடியாது" என்றேன்.

அவன் பறையைத் தூக்கிவைத்துக்கொண்டான். கையை ஓங்கினான். அடிக்கவில்லை. மாஸியைப் பார்த்தான். மாஸி எழுந்து ஜன்னலுக்குப் போனான். திரை ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அதை இழுத்துச் சரியாக மூடினான். திரும்பி, விரலை உதட்டில் வைத்து, "டேய், சார்ஜண்ட் தெரு முனையில நிக்கறாரு. வாயை மூடுங்க" என்றான்.

நான் போட்ட சத்தத்தில் பின்வாசல் வழி உள்ளே வந்த சார்ஜண்ட் அப்போது பிடில்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஃபின்டன். அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை உன் இஷ்டம்.

அட்ராக்டா


26 அக்டோபர்

அன்புள்ள அட்ராக்டா,

நேற்று காலை கடை திறக்கும்போது தெரு முழுக்க ஆட்கள். ஒருவரும் மன்னிப்பு, கின்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. இந்த ஊரில் அதெல்லாம் யாருக்கு வரும்? "குளிர் ஜாஸ்தியாயிடுச்சு" என்று ஒருவர், "மழை வரும்போல" என்று இன்னொருவர். மாஸி நாலு ரொட்டி வாங்கினான். அவன் வீட்டில் அவனும் நாயும்தான். காசை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "ராத்திரி தூங்கினியா?" என்றான்.

"நல்லா தூங்கினேன் மாஸி" என்றேன். பொய். நான் தூங்கவே இல்லை. ரொட்டியும் அன்று சரியாக உப்பவில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ மாடிப்படியில் தடதடவென்று ஏறியபோதே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பிறகு நடந்தது எல்லாம் கேட்டது. அந்தச் சுவரின் லட்சணம் உனக்குத் தெரியாதா? உன் கடிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஒன்றைத் தவிர. மாஸி திரையை மூடுவதற்கு முன் நீ அவர்களிடம் இன்னொன்றும் சொன்னாய். "திங்கட்கிழமை அவன் போயிட்டா, அதுக்கப்புறம் எனக்கு இந்தக் கடை எதுக்குடா?" என்றாய். குரல் உடைந்துவிட்டது உனக்கு.

அதன்பிறகு நான் எப்படித் தூங்குவது? எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி வரை, நாற்பது பேர் எனக்காகச் சத்தம் போடாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நுவாலாவுக்குப் போன் செய்துவிட்டேன். அழுதாள், திட்டினாள், பிறகு சரி என்றாள். தரகர் திங்கட்கிழமை வரமாட்டார். நான் எங்கும் போகவில்லை, அட்ராக்டா.

உன்
ஃபின்டன்